பெயரைச் சொல்லியே வாழ்த்துங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த தீபாவளிக்கு முந்திய வாரம், சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தின் மின்தூக்கி அருகே ஒரு பதாகை வைத்தார்கள். அகல்விளக்கும் ரங்கோலியும் அழகாக அச்சிடப்பட்டிருந்த அதில், முந்தைய ஆண்டுகளில் நான்கு மொழிகளிலும் இடம்பெற்ற "தீபாவளி நல்வாழ்த்துகள்" என்ற வரியைக் காணவில்லை. அதற்குப் பதிலாகப் "பண்டிகைக்கால வாழ்த்துகள்" என்று மட்டும் இருந்தது. விசாரித்தபோது, எச்சமயத்தையும் சாராதவர்களும் சங்கடமின்றி ஏற்கும்படி இனி எல்லாப் பண்டிகைகளுக்கும் இதையே பயன்படுத்துவதென்று முடிவாகியிருப்பதாகச் சொன்னார்கள். நல்லெண்ணத்தில் எடுத்த முடிவு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அது தவறான முடிவு என்றே கருதுகிறேன்.

ஒவ்வொரு பண்டிகையின் வாழ்த்தும் அந்தப் பண்டிகையின் உட்பொருளைச் சுமந்து வருகிறது. நோன்புப் பெருநாளன்று மலாய் அண்டைவீட்டார் "செலாமாட் ஹரி ராயா" என்பதோடு நிறுத்திக்கொள்வதில்லை. "மாஃப் ஸாஹிர் டான் பாத்தின்" என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். வெளிப்படையாகச் செய்த பிழைகளையும் மனத்துக்குள் நினைத்த பிழைகளையும் மன்னித்துவிடுங்கள் என்பது அதன் பொருள். ஒரு மாத நோன்பை முடித்தவர் கேட்கும் மன்னிப்பு அது. சீனப் புத்தாண்டில் இரண்டு மாண்டரின் ஆரஞ்சுப் பழங்களை இரு கைகளாலும் நீட்டுகிறவர் நம் வீட்டில் செல்வம் செழிக்க வேண்டும் என்று வாழ்த்துகிறார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இங்கு வந்த என் பாட்டி, தீபாவளி விடியற்காலையில் யாரைக் கண்டாலும் "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்றுதான் கேட்பார். "தீபாவளி நல்வாழ்த்துகள்" என்ற தொடரை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஆகவே வாழ்த்துச் சொற்கள் என்றைக்கும் மாறக்கூடாது என்பது என் வாதமன்று. தலைமுறைக்குத் தலைமுறை அவை மாறித்தான் வருகின்றன. எந்த நாளைக் கொண்டாடுகிறோம் என்பதே தெரியாதபடி மாற்றுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

தீபாவளி என்ற பெயர் பிறருக்குச் சங்கடம் தரும் என்ற எண்ணமே இந்த ஊரின் அனுபவத்துக்கு முரணானது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சீனமொழியில் தீபாவளிக்கு வழங்கும் பெயர் "தூ யாவ் ஜியே". அசுரனை வதைத்த திருநாள் என்று பொருள். நரகாசுரன் கதையைக் காதுகொடுத்துக் கேட்ட சீன மக்கள், அதைத் தங்கள் மொழியிலேயே ஒரு பெயராக்கி நம் பண்டிகைக்குச் சூட்டியிருக்கிறார்கள். வட இந்தியர்களுக்கு இது இராமன் அயோத்தி திரும்பிய நாள். சமணர்களுக்கு மகாவீரர் வீடுபேறு அடைந்த நாள். சீக்கியர்களுக்குக் குரு ஹர்கோபிந்த் சிறையிலிருந்து விடுதலையான நாள். இத்தனை பேருக்கும் இடம் கொடுத்த பெயரை, யாரையும் விலக்கக்கூடாது என்ற காரணத்துக்காக அகற்றுவது பொருத்தமாக இல்லை. 2004 முதல் 2006 வரை மூன்று ஆண்டுகள் தீபாவளியும் நோன்புப் பெருநாளும் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து வந்தபோது, மலேசியாவில் இரண்டையும் இணைத்துத் "தீபாராயா" என்றார்கள். சேர்ந்து கொண்டாடுவதற்குக்கூட இரு பெயர்களையும் பக்கத்தில் வைத்தார்களே தவிர, எதையும் நீக்கவில்லை.

எங்கள் புளோக்கில் எதிர்வீட்டில் குடியிருக்கும் மலாய் மூதாட்டியை நாங்கள் மக்சிக் என்று அழைப்போம். தீபாவளிக்கு முதல்நாள் மாலை, சுட்டெடுத்த முறுக்கையும் நெய் உருண்டையையும் என் தாயார் ஒரு மூடிபோட்ட டப்பாவில் போட்டு என்னிடம் தருவார். முறுக்கு மாவு பிசையும்போதே மக்சிக் வீட்டுக்கும் சேர்த்துத்தான் அளப்பார். புதிய எண்ணெயில் முதலில் சுடுவதும் அவருடைய பங்குதான். அந்த டப்பாவை மக்சிக் ஒருநாளும் வெறுமையாகத் திருப்பித் தந்ததில்லை. நோன்புப் பெருநாளில் அது, தென்னங்குருத்தோலையில் பின்னிய கூட்டுக்குள் அரிசியை வேகவைத்துச் செய்யும் கெத்துப்பாட்டுடன் வரும். நாங்கள் இறைச்சியில் எதை உண்போம், எதை உண்ண மாட்டோம் என்பது தெரிந்து, எங்களுக்கென்று தனியாகக் காய்கறி லொந்தோங் செய்து அனுப்புவார். இந்த உறவு, இரு வீட்டாரும் தங்கள் வழக்கத்தைச் சுருக்கிக்கொண்டதால் வளர்ந்ததன்று. அவர் கூடத்தில் தொழுகை விரிப்பும் எங்கள் கூடத்தில் குத்துவிளக்கும் இருப்பது இருவருக்கும் தெரியும். தெரிந்தேதான் கதவைத் திறந்துவைக்கிறோம்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டும். வாழ்த்து வேறு, வழிபாடு வேறு. என்னுடன் பணிபுரியும் தமிழ் முஸ்லிம் நண்பர் ஆண்டுதோறும் தீபாவளி வாழ்த்துச் சொல்வார். விளக்கேற்றும்போது சற்று விலகி நிற்பார். அவரை வற்புறுத்துவது எவ்வளவு தவறோ, அவர் விலகி நிற்கிறார் என்பதற்காக விளக்கையே எடுத்துவிடுவதும் அவ்வளவு தவறு. அதேபோல, நம் பண்டிகையில் மற்றவர்களுக்கு என்ன வேலை, நமக்குள்ளேயே கொண்டாடினால் போதாதா என்று கேட்கும் நம்மவர்களோடும் நான் உடன்படவில்லை. வந்தவர்க்கு இலை போடாத பண்டிகையை நம் முன்னோர் நமக்குக் கற்றுத்தரவில்லை.

நம் பெரியவர்களே சமயம் கடந்த விழாவைத் தொடங்கினார்களே என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். தமிழ் முரசு நாளிதழை நிறுவிய கோ. சாரங்கபாணி, சாதி சமய வேறுபாடின்றித் தமிழர் அனைவரும் கூடுவதற்காக 1952-இல் தமிழர் திருநாளைத் தொடங்கினார். ஆனால் அதற்கும் தை மாதம் என்ற காலமும் பொங்கல் என்ற அடிப்படையும் தெளிவான பெயரும் இருந்தன. பொதுவாக இருந்த ஒன்றுக்கு அவர் பொதுப்பெயர் சூட்டினார். குறிப்பான ஒன்றின் பெயரை அழித்துப் பொதுவாக்குவது முற்றிலும் வேறு செயல்.

1968-இல் பொது விடுமுறைகளைக் குறைத்தபோது தைப்பூசம், நபிகள் நாயகம் பிறந்தநாள், ஈஸ்டர் திங்கள் உள்ளிட்ட நாள்கள் பட்டியலிலிருந்து நீங்கின. ஏறத்தாழ எல்லாச் சமயத்தாரும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்தார்கள். விடுமுறை போனது, தைப்பூசம் என்ற பெயர் போகவில்லை. இன்றும் சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை காவடிகள் செல்கின்றன. சட்டத்தால் இழந்ததைத் தாங்கிக்கொண்ட நாம், யாரும் கேட்காமலேயே ஒரு பெயரைக் கைவிடுவதுதான் எனக்கு வருத்தமளிக்கிறது. அலுவலகத்தில் அந்த முடிவு பற்றிக் கருத்துக் கேட்டபோது, அறையில் இருந்த தமிழர்கள் நால்வரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் அந்த நால்வரில் ஒருத்தி.

கிறிஸ்துமஸும் ஆங்கிலப் புத்தாண்டும் அடுத்தடுத்து வரும் ஆண்டிறுதியில், முகம் தெரியாத வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் அட்டையில் பொதுவான வாழ்த்து இடம்பெறுவதை நான் குறைசொல்ல மாட்டேன். அன்றாடம் முகம் பார்த்துப் பழகும் ஓரிடத்தில், தீபாவளியைத் தீபாவளி என்றும் விசாக தினத்தை விசாக தினம் என்றும் நோன்புப் பெருநாளை அதன் பெயராலும் குறிப்பிட்டு, ஏன் கொண்டாடுகிறார்கள் என்பதை இரண்டு வரிகளில் எழுதிவைத்தால் போதும். அந்த இரண்டு வரிகளை எழுதித்தரும் பொறுப்பை அந்தந்தச் சமூகத்தினரே ஏற்க வேண்டும். வரும் தீபாவளிக்கான வரிகளை நான் எழுதி நிர்வாகத்திடம் கொடுத்திருக்கிறேன், நரகாசுரனும் இருக்கிறான், "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்ற பாட்டியின் கேள்வியும் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
தெம்பனிஸ், சிங்கப்பூர்