கூட்டறிக்கைக் கொப்பிகள் பற்றி அண்ணைக்கு

அன்புள்ள அண்ணைக்கு,

நம் சனசமூக நிலையத்தின் வரலாற்றை அதன் மலருக்கு எழுத ஒப்புக்கொண்டுவிட்டேன். போரினால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு நாம் வெளியேறிய 1995 இடப்பெயர்வுக்கு 30 ஆண்டுகள் நிறைந்த ஒக்டோபர் 30 அன்று, இனியும் தட்டிக்கழிக்க முடியாது என்று தோன்றியது. அதற்கு முன் உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

கூட்டறிக்கைக் கொப்பிகள் இருந்த தகரப் பெட்டி நாவற்குழிப் பாலத்து நெரிசலில் விழுந்துவிட்டதாகத்தான் இவ்வளவு காலமும் சொல்லிவந்தேன். அது விழவில்லை. செம்மணியிலேயே நான்தான் கயிற்றை அவிழ்த்தேன். வலிகாமத்துச் சனம் முழுவதும் மழையில் தென்மராட்சியை நோக்கி ஒரே வீதியில் நின்று நின்று நகர்ந்துகொண்டிருந்தபோது, அம்மா இனி ஓர் அடியும் வைக்க முடியாதென்று சேற்றிலேயே இருந்துவிட்டார். சைக்கிள் கரியரில் ஒன்றுக்குத்தான் இடம். பெட்டியை இறக்கி வீதியோரம் வைத்து, நனையக்கூடாதென்று மேலே இருந்த பொலித்தீனைச் சுற்றிலும் செருகினேன், விடிந்ததும் வந்து எடுக்கப்போகிறவன்போல. 1996 சித்திரையில் ஊர் திரும்பும்போது அந்த இடத்தில் இறங்கித் தேடினேன்.

மன்னித்துக்கொள்ளுங்கள். மீண்டும் அந்த இரவு வந்தாலும் அம்மாவைத்தான் ஏற்றுவேன். ஆயினும் பொய் சொல்லியிருக்கக் கூடாது. உண்மையைச் சொல்ல நீங்களும் இடம் தரவில்லை, அண்ணை. கூரையில்லாமல் நின்ற கட்டடத்தைச் சிரமதானம் செய்து நிமிர்த்தியவர்கள் இங்கே இருந்தவர்கள். நீங்கள் அனுப்பிய பணத்தில்தான் ஓடு வாங்கினோம், அதை மறக்கவில்லை. ஆனால் அதனுடன் வந்த ஒவ்வொரு கடிதத்திலும், கொப்பிகளைக்கூடக் காக்கத் தெரியாதவர்கள் என்று ஒரு வரி இருந்தது.

மலருக்கு நீங்கள் அனுப்பிய குறிப்பில், 1990 இல் மின்சாரம் நின்றபின் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி முற்றத்தில் எல்லோரும் வானொலியில் பி.பி.சி. தமிழோசை கேட்ட இரவுகள் இருக்கின்றன. வாசிக்கும்போது கண் கலங்கியது. வாங்குத் தீர்மானம் மட்டும் இல்லை. மாவிட்டபுரத்தில் 1968 இல் ஒடுக்கப்பட்ட சாதியினரின் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தபின், நம் வாசிகசாலையிலும் எல்லோரும் ஒரே வாங்கில் இருந்து பத்திரிகை வாசிக்கலாம் என்று முன்மொழிந்தவர் யார், எதிர்த்து எழுந்துபோனவர்கள் யார் என்பதெல்லாம் முதற்கொப்பியில் இருந்தன. உங்கள் ஐயாவின் கையெழுத்தும் இருந்தது. அது எந்தப் பக்கத்தில் என்பதைப் பலர் வாசிக்கும் இக்கடிதத்தில் எழுதமாட்டேன். நம் இருவருக்கும் தெரியும்.

பெட்டியை நான் விட்டதனால் இன்று அதற்குச் சான்று இல்லாமல் போனது. அந்தக் குற்றத்தை ஏற்றுக்கொள்கிறேன். அதனாலேயே அந்தத் தீர்மானத்தை எழுதாமல் விட என்னால் முடியாது. அந்த வாங்கில் முதலில் வந்து இருந்தவருடைய மகள் இன்னும் ஊரில்தான் இருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போகிறேன். அச்சுக்குக் கொடுக்குமுன் உங்களுக்கு அனுப்புவேன். பிழை இருந்தால் திருத்துங்கள், வெட்டச் சொல்லாதீர்கள்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும். முழங்காலைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தம்பி