குற்றத் தொடர் எழுதுபவர்களுக்குக் காங்கேயத்திலிருந்து ஒரு மடல்

தமிழில் குற்றத் தொடர்களை எழுதுவோருக்கும் இயக்குவோருக்கும் வணக்கம்.

காங்கேயத்துக்குக் கிழக்கே, கிளுவை வேலி போட்ட கொரங்காட்டுக்கு, அதாவது மேய்ச்சல் காட்டுக்கு, நடுவில் எங்கள் சாளை என்னும் தோட்டத்து வீடு இருக்கிறது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வேறு வீடு இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் என் அமுச்சியும் (அம்மாவின் அம்மா) உங்கள் தொடர்களைப் பார்ப்போம். கிணற்றிலோ புதரிலோ ஒரு பெண்ணின் உடல் கிடப்பதில்தான் பெரும்பாலும் கதை தொடங்கும். உடனே அமுச்சி கேட்பார்: "அம்மணி, அந்தப் பிள்ளை எந்த ஊர்? யார் வீட்டுப் பிள்ளை?" கடைசிப் பகுதி முடிந்த பிறகும் என்னால் பதில் சொல்ல முடிந்ததில்லை.

கொன்றவனைப் பற்றிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவனுடைய அப்பா குடிகாரர், பெல்ட்டால் அடித்தவர், அம்மா ஓடிப்போனவர். முடிவுக்குச் சற்று முன்னால் அவன் சிறுவயது முழுவதும் மங்கிய நிறத்தில் விரிந்துவிடும். விசாரிக்கும் அதிகாரிக்கும் இறந்துபோன ஒரு மகளோ மனைவியோ உண்டு. செத்துப்போனவளுக்கு மாலை போட்ட ஒரு படம் மட்டும்தான். இது எனக்கு வலிக்கிறது.

2024 நவம்பரில் பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் தந்தை, தாய், மகன் மூவரும் கொல்லப்பட்டார்கள். 2025-இல் ஈரோடு மாவட்டச் சிவகிரி அருகே, தோட்டத்தில் தனியாக இருந்த வயதான தம்பதியர். அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் பொழுது சாய்ந்தால் யாருக்கும் தூக்கம் இல்லை. கொன்றவர்களின் சிறுவயது யார் பேச்சிலும் வரவில்லை. பெரியவர்கள் ஏன் தோட்டத்தை விட்டு வரமாட்டேன் என்கிறார்கள் என்றுதான் வீட்டுக்கு வீடு பேசினோம். பட்டியில் ஆடு இருக்கிறது, விடியுமுன் பால் கறக்க வேண்டும், மும்முனை மின்சாரம் நடுச்சாமத்தில் வந்தால் மோட்டார் போட எழுந்தாக வேண்டும். இரவு இரண்டு மணிக்கு ஒரு முதியவர் கையில் டார்ச்சோடு வெளியே வருகிறார் என்றால் அதற்குப் பின்னால் ஐம்பது வருட வாழ்க்கை இருக்கிறது. அதை எழுதுங்கள். பார்ப்பவர் மனம் பதறுவதற்கு வேறெதுவும் வேண்டியதில்லை.

கொன்றவனுக்குக் கடந்தகாலமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிறுவயதில் அடிபட்டவர்கள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர். ஒருவரும் யாரையும் கொல்லவில்லை. அடியை மட்டும் காட்டிவிட்டுக் கொலைக்குக் காரணம் சொல்லிவிட்டதாக நினைப்பது அவர்கள் அத்தனை பேரையும் சந்தேகத்தில் நிறுத்துகிறது. இந்த மண்ணில் கடந்தகாலத்துக்கா பஞ்சம்? நீதிமன்ற உத்தரவால் 2011-இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது வேலை இழந்த ஒருவர். அந்தச் சாயக்கழிவால் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் பாழான ஒரு விவசாயி. இருவரையும் ஒரே தெருவில் குடிவையுங்கள். 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி முதலீட்டுத் திட்டங்கள் கவிழ்ந்தபோது, மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தைப் போட்ட ஒருவரை நினைத்துப் பாருங்கள். இவர்களுக்குத் தனியாகப் பழங்கதைக் காட்சி தேவையில்லை. டீக்கடையில் யார் பக்கத்தில் உட்கார மறுக்கிறார்கள் என்பதிலேயே எல்லாம் தெரிந்துவிடும்.

'கொலம்போ' என்ற அமெரிக்கத் தொடரில் துப்பறிபவர் தன் மனைவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்தத் தொடரில் அந்த மனைவி ஒருமுறைகூடத் திரையில் தோன்றவில்லை. ஆனாலும் அந்த வீட்டுக்குள் போய்வந்தது போல் நமக்குத் தோன்றும். இரண்டு வாக்கியத்தில் ஒரு மனிதரைக் கொண்டுவர முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று: முதல் பகுதியில் ஒற்றைப் பிள்ளையாக இருப்பவனுக்கு ஐந்தாம் பகுதியில் அக்கா முளைக்கக் கூடாது. பார்ப்பவர்கள் நினைவில் வைத்திருக்கிறோம்.

அடுத்த தொடரில் உடலைக் காட்டுவதற்கு முன்னால் எனக்குச் சில விவரங்கள் வேண்டும். அந்தப் பெண் எந்தப் பஸ்ஸில் மில்லுக்குப் போனாள், யாரிடம் சீட்டுக் கட்டினாள், தீபாவளிக்கு யாருக்குச் சேலை எடுக்க நினைத்திருந்தாள். அமுச்சிக்கு 83 வயதாகிறது. அவர் கேட்கும்போது நான் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
காங்கேயம் பக்கத்து நேயர் ஒருத்தி