சேகருக்கு, ஒரு காரியமாக

அன்புள்ள சேகர்,

பொங்கலுக்கு எழுதுவதாகச் சொன்னவன் ஆடியில் எழுதுகிறேன். திட்டுவதையெல்லாம் நேரில் வைத்துக்கொள். வீட்டில் எல்லோரும் சுகம். மணிக்கு இன்னும் பெண் பார்க்கிறார்கள். 

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். அதற்கு முன் ரஷ்யாவின் பழைய மீர் விண்வெளி நிலையத்தின் கதையைக் கேள். ஆரம்பித்துவிட்டான் என்று முனகாதே.

அங்கே சாமான் கொண்டுபோனது புரோகிரஸ் என்ற ஆளில்லாக் கலம். ஏழு டன் எடை. 1978 முதல் ஓடுகிறது. தண்ணீர், எரிபொருள், சாப்பாடு எல்லாம் இறக்கிய பிறகு குப்பையை ஏற்றிக்கொண்டு காற்றுமண்டலத்தில் எரிந்துபோகும். நிலையத்தோடு அதைத் தானாக இணைக்கும் கூர்ஸ் கருவி உக்ரைனில் செய்தது. சோவியத் உடைந்த பிறகு அதற்குக் காசு கொடுத்து மாளவில்லை. சரி, நிலையத்தில் இருந்தபடி கேமரா படத்தைப் பார்த்துக் கையாலேயே ஓட்டிப் பார்ப்போம் என்று முடிவு செய்தார்கள்.

1997 மார்ச்சில் சோதனை. கேமரா படம் வரவில்லை, கலம் மோதாமல் தப்பியது. ஜூன் 25 அன்று அதே நிலையத் தளபதி சிப்ளியேவை வைத்து மறுபடியும்! கூர்ஸ் ராடார்தான் படத்தைக் கெடுத்தது என்று சந்தேகப்பட்டு அதை அணைத்துவிட்டார்கள். தூரமும் தெரியாது, வேகமும் தெரியாது. மேகப் பின்னணியில் கலம் கண்ணுக்கும் பிடிபடவில்லை. வந்து நிலையத்தின் ஸ்பெக்டர் என்ற பகுதியில் இடித்தது. காற்று கசிய, கதவு வழியே போன கேபிள்களை நிலையப் பொறியாளர் லசூட்கின் பிடுங்கியும் வெட்டியும் எடுத்து, மூடி போட்டு அடைத்தார். நிலையத்தில் இருந்த மூன்று பேரும் பிழைத்தார்கள். தரையிலோ முதலில் தளபதியைத்தான் கைகாட்டினார்கள். ஜூலையில் பழுது பார்க்கும் சாமானைக் கொண்டுபோனது யார்? இன்னொரு புரோகிரஸ்!

சிரிப்பு இத்தோடு போதும். எங்கள் கோடவுனில் ரிவர்ஸ் எடுத்தபோது லாரி தூணில் இடித்துவிட்டது. டிரைவரை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். கேமரா வேலை செய்யவில்லை என்று அவர் முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறார், நகல் என்னிடம் இருக்கிறது. ராத்திரி தூக்கம் வரவில்லையடா. அவருக்கு இரண்டு பெண்கள்.

அடுத்த வாரம் விசாரணை. நான் சாட்சி சொல்லப்போகிறேன். யூனியனில் காலம் தள்ளியவன் நீ. அந்த நகலை முதலிலேயே நீட்டுவதா, அவர்கள் பேசி முடித்த பிறகா? ஞாயிற்றுக்கிழமைக்குள் போன் செய்.

உன்,
ரவி