கால்வாய்க்குச் சிமெண்டு வேண்டாம், நாணல் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் தென் பேராக்கில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊரில், தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு, கீழே பழைய தோட்டத்து எல்லையை ஒட்டி ஒரு மண் கால்வாய் ஓடுகிறது. அதை அகலப்படுத்திச் சிமெண்டு போடப் போகிறார்கள் என்று கொஞ்ச நாளாகப் பேச்சு அடிபடுகிறது. அளவெடுக்க ஆட்கள் வந்து சாயம் பூசிய குச்சிகளை நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நாற்றம் தாங்கவில்லை, சாயங்காலம் பிள்ளைகள் வெளியே விளையாட முடியவில்லை என்று நாங்கள் கொடுத்த புகாருக்குக் கிடைத்த பதில் இது. தண்ணீரைச் சுத்தம் செய்யுங்கள் என்றுதான் நாங்கள் கேட்டோம். சிமெண்டு போட்டால் அழுக்கு இன்னும் சீக்கிரமாக ஆற்றுக்குப் போய்ச் சேரும், அவ்வளவுதான்.

அந்தக் கால்வாயில் என்ன ஓடுகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கழிவறைத் தண்ணீர் செப்டிக் தொட்டிக்குப் போகிறது. அதை ஒழுங்காக இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை உறிஞ்சி எடுத்தால் அந்தப் பக்கம் பெரிய தொல்லை இல்லை. ஆனால் பழைய தாமான் வீடுகளில் சமையலறைத் தண்ணீர், குளிக்கிற தண்ணீர், துணி துவைக்கிற சோப்புத் தண்ணீர் எல்லாம் வாசலில் இருக்கும் கால்வாயில்தான் விழும், அப்படித்தான் அந்தக் காலத்தில் கட்டினார்கள். அதோடு காலைச் சந்தையில் மீன் கழுவும் தண்ணீர், சாப்பாட்டுக் கடைகளின் எண்ணெய்ப் பிசுக்கு, பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை முடிந்ததும் கொட்டுகிற மிச்சம் மீதி எல்லாம் சேர்கிறது. இதில் விஷம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, முக்கால்வாசி உணவுக் கழிவும் சோப்பும்தான். ஆனால் அந்தக் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் இருக்கும் ஆக்ஸிஜனை எல்லாம் இழுத்துக்கொள்கின்றன. ஆக்ஸிஜன் தீர்ந்துபோன தண்ணீரில் வேறு வகை நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கும்போது வருவதுதான் அந்த அழுகின முட்டை நாற்றம். கீழே ஆற்றில் மீன் செத்து மிதப்பதும் பெரும்பாலும் இதே காரணத்தால்தான், மூச்சுக்கு ஆக்ஸிஜன் கிடைக்காமல்.

மண் கால்வாயாக இருக்கும்வரை கரையில் புல் இருக்கிறது, கீழே வேர் இருக்கிறது, தண்ணீர் மெதுவாகப் போகிறது, போகிற வழியில் கொஞ்சமாவது சுத்தமாகிறது. சிமெண்டு போட்டால் அந்தக் கொஞ்சமும் போய்விடும். இது நான் கண்டுபிடித்துச் சொல்லும் விஷயம் இல்லை. வடிகால் நீர்ப்பாசன இலாகாவே 2000ஆம் ஆண்டில் மஸ்மா என்ற மழைநீர் வடிகால் வழிகாட்டி நூலை வெளியிட்டது, 2012இல் அதன் இரண்டாம் பதிப்பும் வந்தது. தண்ணீரை வேகமாகத் தள்ளிவிடும் பழைய முறையை விட்டுவிட்டு, தண்ணீர் உண்டாகிற இடத்திலேயே நிறுத்தி, மெதுவாக்கி, சுத்தம் செய்து விட வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. குளமும் ஈரநிலமும் அமைக்கும் முறையும் அதிலேயே இருக்கிறது. நிபோங் திபாலில் உள்ள யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் புல் வாய்க்கால், குளம், ஈரநிலம் என்று வரிசையாக அமைத்துக் காட்டியும் இருக்கிறார்கள். நாட்டின் வழிகாட்டி ஒன்று சொல்கிறது, எங்கள் ஊரில் நட்ட குச்சி வேறொன்று சொல்கிறது. ஏன் என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

சரி, வேறு என்ன செய்யலாம்? கால்வாய் முடிகிற தாழ்ந்த இடத்தில், சும்மா கிடக்கும் நிலத்தில் ஒரு நாணல் படுகை அமைக்கலாம். செயற்கை ஈரநிலம் என்று சொல்வது இதைத்தான். முதலில் ஒரு தொட்டி, அதில் மணலும் சேறும் அடியில் தங்கிவிடும், எண்ணெய் மேலே மிதக்கும், இரண்டையும் அங்கேயே எடுத்துவிடலாம். அதற்கு அடுத்து முழங்காலுக்குச் சற்று மேல் வரும் ஆழத்தில், ஏறக்குறைய 60 சென்டிமீட்டர், நீளவாக்கில் ஒரு பள்ளம் வெட்டி, தண்ணீர் கசியாமல் களிமண்ணோ தடித்த பிளாஸ்டிக் விரிப்போ போட்டு, சரளைக் கல்லால் நிரப்பி, அதன் மேல் நாணல், சம்பு, கோரை போன்றவற்றை நட வேண்டும். தண்ணீர் ஒரு பக்கம் நுழைந்து கல்லுக்கு நடுவே ஊர்ந்து மறுபக்கம் வெளியே வரும். அதற்கு இரண்டு மூன்று நாளாவது எடுக்க வேண்டும், அந்த நேரம்தான் முக்கியம், அதைக் குறைத்தால் பலன் கிடைக்காது.

செடிதான் அழுக்கைக் குடிக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். செடியும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், ஆனால் பெரிய வேலையைச் செய்வது கல்லின் மீதும் வேரின் மீதும் வழவழவென்று படிந்து வளரும் நுண்ணுயிர்கள். நாணல் தன் தண்டு வழியாகக் காற்றை வேருக்குக் கொண்டுபோய் அங்கே கொஞ்சம் கசியவிடுகிறது. வேரை ஒட்டி ஆக்ஸிஜன் இருக்கும், இரண்டு விரல் தள்ளிப்போனால் இருக்காது. இரண்டு விதமான இடமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் இரண்டு விதமான நுண்ணுயிர்களும் அங்கே வாழ்கின்றன. அம்மோனியாவை ஒரு கூட்டம் நைட்ரேட்டாக மாற்றுகிறது, இன்னொரு கூட்டம் அந்த நைட்ரேட்டை வெறும் நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகிறது. இதற்கு மின்சாரம் தேவையில்லை. ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற பெண் விஞ்ஞானி 1950களிலேயே கோரையை வைத்து இந்த ஆராய்ச்சியைத் தொடங்கிவிட்டார். குளிர்காலத்தில் உறைந்துபோகும் நாட்டிலேயே இது வேலை செய்கிறது. நம் நாட்டு வெயிலில், ஆண்டு முழுவதும் செடி வளர்கிற மண்ணில், நுண்ணுயிர்கள் அதைவிட வேகமாகத்தான் வேலை செய்யும்.

வெளிநாட்டுக்குக்கூடப் போக வேண்டாம், நம் நாட்டின் நிர்வாகத் தலைநகரமான புத்ராஜெயாவைப் பாருங்கள். 1997, 98 வாக்கில் சுவாவ், பீசா ஆறுகளின் தண்ணீரை ஏரிக்குப் போகும் முன் சுத்தம் செய்வதற்காக ஏறக்குறைய 200 ஹெக்டரில் ஈரநிலம் அமைத்தார்கள். 24 பகுதிகளாகப் பிரித்து, ஒரு கோடியே இருபது லட்சம் செடி வரை நட்டார்கள். மேலே இருந்து வரும் தண்ணீர் ஒவ்வொரு பகுதியாகக் கடந்து கீழே இறங்குகிறது. இன்று மக்கள் அங்கே சைக்கிள் ஓட்டுகிறார்கள், பறவை பார்க்கப் போகிறார்கள்.

அந்த நிலம் நம்முடைய ஆட்கள் வாழ்ந்த நிலம். பெராங் பெசார் தோட்டமும் சுற்றியிருந்த தோட்டங்களும்தான் புத்ராஜெயா ஆயின. அங்கே தலைமுறை தலைமுறையாகப் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய, செம்பனைக் குலை அறுத்த குடும்பங்களை டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். அவர்கள் விட்டுப்போன மண்ணில் தலைநகரத்து ஏரிக்காக இவ்வளவு நல்ல ஏற்பாடு செய்ய முடிந்தது என்றால், இன்னும் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வாழும் எங்களைப் போன்றவர்களின் கால்வாய்க்கு அதில் நூறில் ஒரு பங்கு செய்ய ஏன் முடியாது? இதைக் கோபத்தில் கேட்பதாக எடுத்துக்கொண்டாலும் சரி. கோபப்பட வேண்டிய விஷயம்தான்.

யார் பார்த்துக்கொள்வார்கள், இதெல்லாம் படித்தவர்கள் செய்யும் வேலை அல்லவா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. ஏனென்றால் கழிவுத் தண்ணீரைக் குளத்தில் வைத்து நுண்ணுயிரை விட்டுச் சுத்தம் செய்யும் தொழிலை இந்த நாட்டில் கையால் செய்து பழகியவர்கள் செம்பனை ஆலைகளில் வேலை செய்தவர்கள், அதில் நம்மவர்கள் எத்தனையோ பேர். ஆலையிலிருந்து வரும் கழிவுநீர் கை வைக்க முடியாத சூட்டில், புளித்து, பழுப்பாக வரும். அதன் பிஓடி, அதாவது அதிலுள்ள கழிவைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் வேண்டும் என்ற கணக்கு, லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். வீட்டுக் கழிவுநீரில் அது சில நூறுதான். 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1977இல் செம்பனை ஆலைகளுக்கென்று தனி விதிமுறை வந்தது, படிப்படியாக இறுக்கி, 1984லிருந்து ஆற்றில் விடுவதற்கு 100 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தார்கள். அந்த வரம்பை எட்டுவதற்குத்தான் ஆலைக்குப் பின்னால் வரிசையாகக் குளங்கள்: முதலில் ஆறவைக்கும் குளம், அப்புறம் காற்றில்லாத ஆழக் குளங்கள், கடைசியில் காற்றுப் படும் குளங்கள். எந்தக் குளத்தில் சேறு ஏறிவிட்டது, எதில் மேலே ஏடு கட்டி நின்றுவிட்டது, எந்த நிறம் வந்தால் குளம் கெட்டுப்போகிறது என்பதைப் பார்வையிலும் மணத்திலுமே சொல்லிவிடும் பெரியவர்கள் எங்கள் தாமானில் இன்றும் இருக்கிறார்கள். ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். நாணல் படுகையைப் பார்த்துக்கொள்வது அதைவிட லேசான வேலை: வாரத்துக்கு ஒரு முறை நுழைவாயிலில் சிக்கிய குப்பையை எடுப்பது, தொட்டிச் சேற்றை நேரத்துக்கு அள்ளுவது, களையைப் பிடுங்குவது, முற்றிய நாணலை அறுப்பது. அவர்களில் இரண்டு பேருக்கு ஒழுங்கான சம்பளம் கொடுத்து வேலைக்கு வைத்தால் போதும். இலவச சேவை என்று சொல்லி அவர்கள் தலையில் கட்டிவிடக் கூடாது.

ஆலைக் கழிவை நேராக நாணலில் விடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். கூடாது. அந்தக் கனத்துக்கு நாணல் செத்துப்போகும், கல் அடைத்துக்கொள்ளும். குளங்களைக் கடந்து வந்த பிறகு கடைசிக் கட்டமாக வேண்டுமானால் விடலாம்.

கொசு வரும் என்று பயப்படுபவர்களுக்கு, டெங்கி உள்ள நாட்டில் அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் திறந்த குளமாக வேண்டாம், கல் படுகையாக வேண்டும் என்கிறேன். தண்ணீர் கல்லின் மேல்மட்டத்துக்குக் கீழேயே ஓடுவதால் கொசு முட்டையிட நீர்ப்பரப்பு இருக்காது. கல் அடைத்துத் தண்ணீர் மேலே வந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். சிமெண்டுக் கால்வாயில் பள்ளம் விழுந்து தேங்கி நிற்கும் தண்ணீரில்தான் இப்போது கொசு பெருகுகிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். நிலம் எவ்வளவு வேண்டும்? வெப்ப நாடுகளில் வீட்டுக் கழிவுநீருக்கு ஆளுக்கு ஒன்று முதல் இரண்டு சதுர மீட்டர் என்று கணக்கு வைக்கலாம். ஆயிரம் பேருக்கு இரண்டாயிரம் சதுர மீட்டர் என்று தாராளமாகவே வைத்தாலும் ஒரு காற்பந்துத் திடலில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

மழைதான் உண்மையான சிக்கல். நம் கால்வாயில் மழைத் தண்ணீரும் கழிவுத் தண்ணீரும் ஒன்றாகத்தான் வருகின்றன, மத்தியானம் ஒரு மணி நேரம் கொட்டுகிற மழை முழுவதையும் படுகைக்குள் விட்டால் கல்லும் செடியும் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் நுழைவாயிலில் ஒரு சிறு தடுப்புச் சுவர் வேண்டும். மழையில்லாத நாளின் தண்ணீரும் மழையின் முதல் தண்ணீரும் படுகைக்குள் போக வேண்டும், ஏனென்றால் ரோட்டு அழுக்கை எல்லாம் கழுவிக்கொண்டு வருவது அந்த முதல் தண்ணீர்தான். அதற்கு மேல் வருவது சுவரைத் தாண்டிப் பக்கவாட்டில் ஆற்றுக்குப் போய்விட வேண்டும். இதைச் சரியாகக் கணக்குப் போட ஒரு பொறியியலாளர் கட்டாயம் வேண்டும். ஆர்வக்கோளாறில் நாமே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் நாணல் மருந்து என்றும் நான் சொல்ல மாட்டேன். 2019இல் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் ரசாயனத்தைக் கொட்டி எத்தனை பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறினார்கள், 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் கோங் ஆற்றில் கலந்த கழிவால் சிலாங்கூரில் 4 நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்திக் கிள்ளான் பள்ளத்தாக்கே தண்ணீருக்குத் திண்டாடியது. அதற்கு எந்தச் செடியும் ஒன்றும் செய்ய முடியாது, கொட்டியவரைப் பிடிப்பது ஒன்றுதான் வழி. எங்கள் ஊரிலும் பட்டறையிலிருந்து வண்டி எண்ணெயைக் கால்வாயில் ஊற்றுகிறார்கள், அது நின்றாக வேண்டும். சாப்பாட்டுக் கடைக்காரர்கள் எண்ணெயைப் பிடிக்கும் பெட்டியை வைத்து அதைச் சுத்தமும் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல படுகையும் கொழுப்பு அடைத்து வீணாகப் போய்விடும். இதை நம் கடைக்காரர்களிடம் நாம்தான் பேச வேண்டும், அதிகாரி வந்து சம்மன் கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

இப்போது நாங்கள் கேட்பது இதுதான். சிமெண்டு வேலைக்குக் குத்தகை கொடுக்கும் முன் அதை நிறுத்தி வையுங்கள். கால்வாய்த் தண்ணீரை எடுத்துப் பரிசோதித்து, முடிவை ஊர் மக்கள் பார்க்கும்படி வையுங்கள். வடிகால் இலாகாவின் பொறியியலாளர் ஒருவரை அனுப்பி அந்தத் தாழ்ந்த நிலத்தை அளக்கச் சொல்லுங்கள். அந்த நிலம் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கிறதா, மாநில அரசின் கையில் இருக்கிறதா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள், அதை எழுத்தில் தெளிவுபடுத்துங்கள். எங்கள் சட்டமன்ற உறுப்பினர் இதைப் படித்தால், இரண்டு திட்டங்களுக்கும் ஆகும் செலவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பீடோர், சுங்காய், சிலிம் ரிவர் பக்கத்து வாசகர்கள் ஊரிலும் இதே மாதிரிக் கால்வாய் இருக்கும், அவர்களும் எழுதட்டும்.

மக்கள் கூட்டம் வைப்பதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். வேலை நாளில் காலை பத்து மணிக்கு வைத்தால் தோட்டத்திலும் ஆலையிலும் வேலை செய்பவர்கள் யாரும் வர முடியாது, இந்தத் தண்ணீரைப் பற்றி நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

இப்படிக்கு,
தாமான்வாசி ஒருவர்,
தென் பேராக்.