புடவைக் கடை எண்ணும் கிரைண்டர் கடை எண்ணும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதமும் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களும் கிடைத்தன. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் போடச் சொல். இங்கே எல்லோரும் நலம். சின்னவள் பத்தாம் வகுப்பு என்பதால் வீட்டில் டிவி சத்தமே இல்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். எதிர்ப் புடவைக் கடையின் இன்ஸ்டாகிராம் ரீல்ஸை இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள், உன் கிரைண்டர் கடை வீடியோ தொள்ளாயிரத்தைத் தாண்டவில்லை, நிறுத்திவிடலாமா என்று எழுதியிருக்கிறாய். நிறுத்தாதே. ஐந்தாறு வருஷமாகப் பல கடைகளுக்கு இந்தச் சின்ன வீடியோக்களை எடுத்து, வெட்டி, ஒட்டிக் கொடுக்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தையே இல்லாதவை.

அந்தப் புடவை வீடியோவை நானும் பார்த்தேன். ஒரு பெண் மடிப்பைப் பிரித்து முந்தானையை மேஜைமேல் வீசுகிறார், கட்டைவிரலால் ஜரிகைக் கரையைத் தடவிக்கொண்டே போகிறார், வெளிச்சம் கரையோடு ஓடுகிறது. அவ்வளவுதான், பதினோரு வினாடி. அதைப் பார்க்கப் புடவை வாங்கும் எண்ணமே வேண்டாம், தமிழும் தெரிய வேண்டாம். முடிந்ததும் திரும்ப ஓடும்போது பலர் இரண்டாம் முறையும் பார்த்துவிடுவார்கள். அப்புறம், பண்டிகை, கல்யாணம், வளைகாப்பு என்று ஒரு வீட்டில் வருஷத்துக்கு எத்தனை முறை புடவை எடுக்கிறார்கள்! உன் கிரைண்டரோ, ஒரு முறை வாங்கினால் பத்துப் பதினைந்து வருஷம் உழைக்கும். இன்றைக்கு ஊரில் கிரைண்டர் வாங்க நினைக்கிறவர்களை ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்துவிடலாம். அந்த மண்டபத்தில் உள்ளவர்கள் கண்ணில் நீ பட்டாயா என்பதுதான் கணக்கு.

நீ அனுப்பிய அந்தத் 'துறைவாரி சராசரி' அட்டவணையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உணவு இத்தனை சதவீதம், கல்வி இத்தனை, வீட்டுச் சாமான் இத்தனை என்று போட்டிருக்கிறார்கள். எதை எதால் வகுத்தார்கள் என்று எங்கேயும் இல்லை. ஆயிரம் பேர் பின்தொடரும் கணக்கில் ஒரு வீடியோ ஐயாயிரம் பேரை எட்டி, நூறு லைக் வாங்குகிறது என்று வை. பின்தொடர்பவர்களால் வகுத்தால் 10 சதவீதம். எட்டியவர்களால் வகுத்தால் 2 சதவீதம். ஒரே வீடியோ! சராசரியும் அப்படித்தான். பத்து வீடியோவில் ஒன்பது தலா ஐந்நூறு, ஒன்று மட்டும் திடீரென்று ஒரு லட்சம் என்றால், சராசரி 10,450 என்று வரும். அந்தக் கடையில் ஒரு வீடியோகூட உண்மையில் பத்தாயிரத்துக்குப் பக்கத்தில் இல்லை. நான் எப்போதும் பத்தையும் வரிசையாக எழுதி நடுவில் இருப்பதைப் பார்ப்பேன். உன் கணக்குக்கும் அப்படியே செய்.

இன்னொன்று, 'வியூஸ்' என்ற சொல்லே நிலையாக நிற்பதில்லை. 2025 மார்ச் 31 முதல் யூடியூப் ஷார்ட்ஸில் வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று எண்ணுகிறார்கள், இவ்வளவு நேரம் பார்த்திருக்க வேண்டும் என்ற கணக்கு கிடையாது. அதனால் அதற்கு முந்தைய ஷார்ட்ஸ் எண்களையும் பிந்தைய எண்களையும் நேருக்கு நேர் வைக்கவே கூடாது. பலரும் இதைக் கவனிக்காமல் வளர்ந்துவிட்டதாகச் சந்தோஷப்பட்டார்கள்.

சில தொழில்களுக்குக் கையே கட்டியிருக்கிறது. என்னிடம் குழந்தைகள் மருத்துவர் ஒருவர் வருகிறார். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிப்படி நோயாளிகளை அழைத்து விளம்பரம் செய்ய அவருக்கு அனுமதி இல்லை. அதனால் காய்ச்சல் வந்தால் எப்போது பயப்பட வேண்டும், எப்போது வேண்டாம் என்று மட்டும் பேசுகிறார். அவர் வீடியோக்களுக்கு லைக் குறைவு, ஆனால் நடுராத்திரியில் ஒரு அம்மா இன்னொரு அம்மாவுக்கு அனுப்புகிறார். வக்கீல்களுக்கும் பார் கவுன்சில் விதி இருக்கிறது. பங்குச் சந்தைப் பாடம் எடுப்பவர்களுக்கு 2025 ஜனவரியில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி ஒரு கட்டுப்பாடு போட்டது, கடந்த மூன்று மாத விலைகளைக் காட்டிப் பாடம் நடத்தக் கூடாதென்று. இவர்களையும் பிரியாணிக் கடையையும் ஒரே அட்டவணையில் வரிசைப்படுத்தி என்ன கிடைக்கும்?

இப்போது உன் வீடியோக்கள். முதலாவதில் கடைப் பெயர்ப்பலகை ஐந்து வினாடி சுற்றுகிறது, நாதஸ்வரம் வேறு. எத்தனை பேர் எதுவரை பார்த்தார்கள் என்று காட்டும் வரைபடம் ஒன்று அனுப்பினாயே, அதைப் பார், மூன்றாவது வினாடிக்குள் கோடு கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கிவிட்டது. கிரைண்டரை யாரும் பார்க்கவேயில்லை, செல்வம். பலகையைப் பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள்.

ஆனால் இரண்டாவது வீடியோ! அரிசி போட்டதும் டிரம் திணறித் திணறிச் சுற்றுகிறது, அதில்தான் தொடங்குகிறாய். உடனே மெஷினைக் கவிழ்த்து, அடித்தட்டைக் கழற்றி, பழைய பெல்ட்டை எடுத்து இரண்டு விரலால் வளைக்கிறாய். உள்பக்கமெல்லாம் வெடிப்பு வெடிப்பாகத் தெரிகிறது. விரல் முழுக்கக் கருப்பு. புதுப் பெல்ட்டை மாட்டி நிமிர்த்தி ஓடவிட்டதும் அந்தச் சத்தம் சீராகிறது பார், எனக்கே மனசு நிறைந்தது. பார்வை ஆயிரத்து நூறுதான். ஆனால் நாற்பத்தாறு பேர் யாருக்கோ அனுப்பியிருக்கிறார்கள், எழுபது பேர் சேவ் செய்திருக்கிறார்கள், அந்த வாரம் ஒன்பது போன் வந்தது என்று நீயே போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். முதல் வீடியோவை இரண்டு பேர்தான் அனுப்பினார்கள். இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் சொன்னது இங்கே அப்படியே பொருந்தும்: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எத்தனை பேருக்குப் பிடிக்கிறது, எத்தனை பேர் அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள், இந்த மூன்றும்தான் முக்கியம். நம்மைத் தெரியாதவர்களிடம் வீடியோ போய்ச் சேர, அனுப்புவதுதான் லைக்கைவிடப் பெரிது.

அதனால் நீ பார்க்க வேண்டியது உன் போன மாத வீடியோவை. முடிந்தால் உன்னைப் போலவே மிக்ஸி, தையல் மெஷின் பழுது பார்க்கிறவர்களின் வீடியோக்களை. கூடவே கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வை. போன் செய்கிறவர்களிடம் எதைப் பார்த்து அழைத்தார்கள் என்று கேட்டு எழுது. அந்த நோட்டை நான் எந்த அட்டவணையைவிடவும் நம்புவேன்.

அடுத்ததாக, "அண்ணா, கிரைண்டருக்கடியில மாவு கசியுதுங்க" என்று தினம் யாராவது வந்து நிற்பார்களே, அதை எடு. அந்த மாவுக் கறையிலிருந்தே தொடங்கு. காலையில் கடை வாசலில் வரும் வெளிச்சம் போதும், விளக்கு வாங்காதே. கடைப் பெயரைக் கடைசியில் வாயால் சொன்னால் போதும்.

அடுத்த வெள்ளிக்கிழமை இரவு சேரன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருக்கிறேன். சனிக்கிழமை காலை அம்மாவைப் பார்த்துவிட்டு நேராகக் கடைக்கு வருகிறேன். பழுதான மெஷின் ஒன்றிரண்டைக் கழற்றாமல் வைத்திரு.

அன்புடன்,
முருகேசன்