காங்கேசன்துறைக்கு ஒரு கரிக்கோச்சி: புகையிரதப் பொது முகாமையாளருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொது முகாமையாளர் அவர்களுக்கு, வணக்கம்.

1986 இல் தொடங்கிய 'வைஸ்ராய் ஸ்பெஷல்' என்ற சுற்றுலா நீராவி வண்டியால் பழைய நீராவி இயந்திரங்கள் சில இரும்புக் கடைக்குப் போகாமல் தப்பின. அவற்றில் ஒன்றை விடுமுறை நாட்களில் யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ஓடவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். 1902 இல் வடக்கில் முதல் கோச்சி (ரயில்) ஓடியது காங்கேசன்துறை - சாவகச்சேரிப் பாதையில்தான். 1990 இல் நின்றுபோன சேவை காங்கேசன்துறைக்குத் திரும்பி வர 2015 ஆகிவிட்டது. தூரம் 20 கிலோமீற்றருக்குள், ஏற்றமும் இல்லை. வயதான இயந்திரத்துக்கு இதைவிட லேசான பாதை கிடைக்காது.

ஆனால் பெயின்ற் அடிப்பதற்கு முன்னால் தண்ணீரைப் பற்றி யோசியுங்கள். எங்கள் நிலம் முழுக்கச் சுண்ணக்கல். காங்கேசன்துறையில் சீமெந்து ஆலை வைத்ததே அதை நம்பித்தான். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் கேத்தலின் அடியில் சில வாரத்திலேயே வெள்ளை ஓடு பிடித்துவிடும். கொதிகலனுக்குள்ளும் அதே கதைதான், ஆனால் அங்கே புளி போட்டுத் தேய்க்க முடியாது. ஓடு படிந்தால் நெருப்பின் சூடு தண்ணீருக்குப் போகாமல் குழாயிலேயே தங்கும். எரிபொருள் வீணாகும், குழாய் அளவுக்கு மிஞ்சிச் சூடேறி, பொருத்துகளில் ஒழுகத் தொடங்கும். அதனால் இங்குள்ள கிணற்று நீரை அப்படியே ஊற்ற வேண்டாம். தாளையடியில் 2024 இல் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். நிலையக் கூரைகளில் விழும் மழைநீரையும் தொட்டி கட்டிச் சேர்க்கலாம். எந்தத் தண்ணீர் என்றாலும் கொதிகலனை ஒழுங்காகத் திறந்து கழுவத்தான் வேண்டும்.

அதற்கு ஆட்கள்? முதல் நாளே நெருப்பு மூட்டி, மெல்ல மெல்லச் சூடேற்றத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். அவசரப்பட்டுச் சூடேற்றினால் இரும்பு ஒரே சீராக விரியாது, தகடும் குழாயும் கெடும். இந்தப் பக்குவம் புத்தகத்தில் வராது. யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் சிலரை இப்போதே கொழும்பு தெமட்டகொடையில் உள்ள இயந்திரக் கொட்டகைக்கு எடுத்துப் பழக்குங்கள்.

கடவைகள் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. புதினம் பார்க்க வருகிற சனம் தண்டவாளத்தில் ஏறி நின்று செல்ஃபி எடுக்கும். ஒவ்வொரு கடவையிலும் ஆள் நிற்க வேண்டும்.

அப்புறம் டிக்கெட். வெளிநாட்டுக்காரருக்கென்று ஆடம்பரப் பெட்டி ஒன்றை வைத்து நல்ல விலைக்கு விற்றுக்கொள்ளுங்கள், சரி. மற்றப் பெட்டிகளில் மூன்றாம் வகுப்புக் கட்டணத்தோடு கொஞ்சம் கூட்டினால் போதும். கொக்குவில், கோண்டாவில், சுன்னாகம், தெல்லிப்பழை நிலையங்களிலும் ஏறவிடுங்கள். கொழும்பிலேயே எல்லா டிக்கெட்டும் முடிந்து, நாங்கள் வேலியோரம் நின்று கைகாட்ட மட்டும் ஒரு கோச்சி எங்களுக்கு வேண்டாம்.

முதல் ஓட்டத்தைத் தைப்பொங்கலை ஒட்டி வைத்தால் நல்லது. ஆடிக் காற்றில் ஒரு தீப்பொறி காய்ந்த பனையோலை வேலியில் விழுந்தால் ஒழுங்கை முழுக்கப் பற்றிவிடும். தையில் மாரி மழையின் ஈரம் இருக்கும், தொட்டியிலும் தண்ணீர் நிற்கும்.

இப்படிக்கு,
சுன்னாகத்துப் பயணி ஒருவர்