மூன்று முறை சர்வீஸ் சென்டருக்கு அலைந்தும் கொதிக்கும் லேப்டாப்: புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று முறை உங்கள் சர்வீஸ் சென்டருக்கு அலைந்து, போனில் ஏழெட்டுப் பேரிடம் அதே கதையைச் சொல்லி ஓய்ந்துபோய் இதை எழுதுகிறேன். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அப்புறம் "என்ன பிரச்சினை?" என்று ஒவ்வொருவரும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

கேம் விளையாடவில்லை, வீடியோ எடிட் செய்யவில்லை. மெயில், பிரவுசரில் நான்கு டேப், ஒரு வேர்டு கோப்பு, அவ்வளவுதான். பத்தே நிமிடத்தில் ஃபேன் அலறுகிறது. கீபோர்டின் மேல்வரிசையில் விரல் வைக்க முடியவில்லை. பிராசஸர் 97 டிகிரி காட்டுகிறது. உடனே வேகம் 800 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. நான் ஒரு வரி அடித்து முடித்த பிறகுதான் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரைக்கு வருகின்றன.

உங்கள் ஆட்கள் சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். மேசையில் வைத்துப் பார்த்தேன், பயாஸ் (லேப்டாப்பைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் போட்டேன், விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவினேன். டாஸ்க் மேனேஜரில் சிபியு பயன்பாடு 10 சதவீதத்தைத் தாண்டவில்லை. அந்த வேலைக்கு 97 டிகிரி என்றால் பிராசஸரின் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்க் என்ற உலோகப் பகுதி சரியாக உட்காரவில்லை, அல்லது இரண்டுக்கும் நடுவில் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது என்று எனக்கே தோன்றுகிறது. தயாரித்த உங்களுக்குத் தெரியாதா?

இரண்டாவது முறை, "ஃபேன் சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றப்பட்டது" என்று ஜாப் ஷீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் திருப்பிப் பார்த்தால், காற்றுத் துவாரத்தில் சிக்கியிருந்த நீல நூல் பிசிறு அதே இடத்தில் அப்படியே இருக்கிறது. நீங்கள் அதைத் திறக்கவே இல்லை!

மூன்றாவது முறை கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "லேப்டாப்னா சூடாகத்தான் செய்யும், ஃபிரிட்ஜா வாங்கினீங்க?" என்றார். ஐந்தாறு பேர் முன்னால். தொட்டுப் பாருங்கள் என்று நீட்டினேன், கையை இழுத்துக்கொண்டார். அந்த வார்த்தையை என்னால் மறக்க முடியவில்லை. முதல் முறை போனதைச் சொல்லவில்லையே, அன்று சிஸ்டம் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அரை நாள் லீவு போட்டுப் போனவன் நான். இந்த லேப்டாப்பால் என் வேலை, பெயர், தூக்கம் எல்லாமே போய்விட்டது. சூட்டில் பேட்டரி உப்பிப்போனால் யார் பொறுப்பு?

தயவுசெய்து ஒரு மூத்த இன்ஜினியரை வைத்து, என் கண் முன்னால் திறந்து பாருங்கள். சரிசெய்ய முடியாவிட்டால் வேறு லேப்டாப் கொடுங்கள். அந்தக் கவுன்டர் ஊழியர் மன்னிப்புக் கேட்க வேண்டும். 7 நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் ஜாப் ஷீட், அந்தப் பிசிறின் படம், வெப்பநிலை ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றோடும் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். அந்த நிலைக்கு என்னைத் தள்ள மாட்டீர்கள் என்று இன்னமும் நம்புகிறேன். வாரண்டி முடிய 2 மாதம்தான் இருக்கிறது, அதையும் கவனத்தில் வையுங்கள்.

இப்படிக்கு,
மன வேதனையுடன்,
உங்கள் வாடிக்கையாளர்